பி.ஆர்.ஐ. லைனில் கோளாறா? அலாரமும் கவுண்டரும் காட்டும் இடம்

அலுவலகத்தில் பி.ஆர்.ஐ. லைன் (ஒரே இணைப்பில் 30 பேச்சுகளைச் சுமக்கும் டிஜிட்டல் போன் லைன்) தகராறு செய்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். லைன் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் போட்டால் “எங்க சைடு கிளியரா இருக்கு சார்” என்பார்கள். பி.பி.எக்ஸ். (அலுவலகத்துக்குள் போன்களை இணைக்கும் பெட்டி) போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டால் “லைன்தான் சார் பிரச்சினை” என்பார். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. அவரவர் கண்ணுக்கு எட்டுகிற இடத்தை வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நடுவில் மாட்டிக்கொள்ளும் நமக்கு ஒரு வசதி உண்டு. நம் பக்கம் லைனை வாங்கும் இ1 கார்டு ஒவ்வொரு வினாடியும் பிழைகளை எண்ணிக் குறித்து வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் கோளாறு எந்தத் துண்டில் இருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவுண்டர் ஏறுகிறது என்பது பாதிச் செய்திதான். அது ஏறும்போது பக்கத்தில் எந்தக் கவுண்டர் ஏறாமல் நிற்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது.

கை வைக்கும் முன்

இ1 என்பது வினாடிக்கு 2.048 மெகாபிட். 125 மைக்ரோவினாடிக்கு ஒரு ஃப்ரேம் (பிட்களின் ஒரு கட்டு), வினாடிக்கு 8000 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் 256 பிட், அதாவது 32 டைம்ஸ்லாட். 0-வது ஸ்லாட் ஃப்ரேமை அடையாளம் காணவும் அலாரம் அனுப்பவும் பயன்படுகிறது. பி.ஆர்.ஐ.-யில் 16-வது ஸ்லாட் சிக்னலிங்குக்கு, அதாவது டி-சேனலுக்கு. மீதி 30 பேச்சுக்கு. அமெரிக்காவில் புழங்கும் டி1-இல் 24 சேனல், எண்கள் வேறு. ஆனால் கீழே சொல்லும் தர்க்கம் அங்கேயும் பொருந்தும்.

சிஸ்கோ ரவுட்டர் என்றால் ‘ஷோ கண்ட்ரோலர்ஸ் இ1’ கொடுத்துப் பாருங்கள். ஆஸ்டரிஸ்க் (கணினியில் ஓடும் பி.பி.எக்ஸ். மென்பொருள்) சர்வர் என்றால் ‘டாடி டூல்’ திரையிலோ, ப்ராக் அடைவில் டாடிக்குக் கீழே ஸ்பான் எண்ணுள்ள கோப்பிலோ பாருங்கள். டாடி என்பது அதில் கார்டை இயக்கும் ட்ரைவர், ஸ்பான் என்பது ஒரு லைன். மற்ற பி.பி.எக்ஸ்.களில் மெயின்டனன்ஸ் மெனுவில் இருக்கும். பெரும்பாலான கருவிகள் 15 நிமிடத்துக்கு ஒரு பெட்டி என்று 24 மணி நேரத்துக்கு 96 பெட்டிகளில் கணக்கை வைத்திருக்கும். மொத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது போன மாதம் யாரோ கேபிளைப் பிடுங்கியபோது ஏறியதாகவும் இருக்கலாம். இப்போதைய எண்ணை எழுதி வையுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

அப்புறம், லைன் வரும் பாதையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கார்டு, பேட்ச் கேபிள், குரோன் (ஒயர்களைக் குத்தி இணைக்கும் பலகை), அங்கிருந்து லைன் நிறுவனத்தின் மக்ஸ் (பல லைன்களைச் சேர்த்துப் பிரிக்கும் பெட்டி) அல்லது மோடம், அப்புறம் ஃபைபரோ காப்பரோ, கடைசியில் எக்ஸ்சேஞ்ச். கோளாறை இந்தப் படத்தில் ஏதாவது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடைப்பதுதான் வேலை.

சிவப்பு விளக்கு: எல்.ஓ.எஸ்.

சிக்னலே வரவில்லை. நம் ரிசீவ் ஜோடியில் துடிப்பு எதுவும் இல்லை என்று கார்டு சொல்கிறது. இது நமக்கு மிக அருகில் இருக்கும் கோளாறு: கார்டுக்கும், நமக்கு சிக்னல் அனுப்பும் முதல் பெட்டிக்கும் இடையில். மக்ஸைத் தாண்டி எங்கேயோ ஃபைபர் அறுந்தால் எல்.ஓ.எஸ். வராது, ஏன் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம். அதனால் முதலில் மக்ஸுக்கு மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள். யு.பி.எஸ்.ஸில் மாட்டாமல் சுவரில் மாட்டியிருக்கும் மோடம்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

மின்சாரம் இருந்தால் லூப் போட்டுப் பாருங்கள், அதாவது நாம் அனுப்புவதே நமக்குத் திரும்பி வரும்படி இணையுங்கள். ஆர்.ஜே.45 கார்டில் 1, 2 ரிசீவ். 4, 5 ட்ரான்ஸ்மிட். ஒரு பிளக்கில் 1-ஐ 4-உடனும் 2-ஐ 5-உடனும் இணைத்து கார்டில் செருகுங்கள். லூப் இருக்கும்வரை க்ளாக்கை (பிட்களின் வேகத்தைத் தீர்மானிக்கும் துடிப்பு) இன்டர்னலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கார்டு தன் வாலைத் தானே துரத்தும். சிவப்பு அணைந்தால் கார்டு நல்லது. அடுத்து அதே லூப்பை குரோனில், கார்டைப் பார்த்தபடி போடுங்கள். அங்கேயும் அணைந்தால் கட்டடத்துக்குள் இருக்கும் ஒயர் நல்லது. இப்படி ஒவ்வொரு இணைப்பாக வெளியே நகர்ந்தால், எந்த இடத்தில் சிவப்பு திரும்ப வருகிறதோ அதற்கு முந்தைய துண்டில்தான் கோளாறு.

கேபிளில் இரண்டு விஷயங்கள் அடிக்கடி கடுப்பேற்றும். சாதாரண நேர் ஈதர்நெட் கேபிள் இ1-க்கும் ஓடும். 1-2, 4-5 இரண்டும் அதில் முறுக்கிய ஜோடிகள்தான். ஆனால் ஈதர்நெட் க்ராஸ் கேபிள் ஓடாது. அது 1-2-ஐ 3-6-க்கு மாற்றுகிறது. இ1-க்கு வேண்டியதோ 1-2-ஐ 4-5-க்கு மாற்றுவது. இரண்டாவது, குரோனில் டி.எக்ஸ்.-உம் (ட்ரான்ஸ்மிட்) ஆர்.எக்ஸ்.-உம் (ரிசீவ்) இடம் மாறிப் போவது. அப்போது இரு முனையிலும் ஒரே நேரத்தில் சிவப்பு எரியும். புதிதாகப் போட்ட லைனில் இரு பக்கமும் எல்.ஓ.எஸ். என்றால் வேறெதையும் பார்க்காமல் ஜோடியை மாற்றிக் குத்திப் பாருங்கள்.

ஆஸ்டரிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. லூப் போட்டதும் திரையில் “நாம் பயனாளர் முனை என்று நினைக்கிறோம், எதிர்ப்பக்கமும் தன்னை அப்படியே நினைக்கிறது” என்ற பொருளில் ஒரு செய்தி ஓடும். பயப்பட வேண்டாம், நாம் அனுப்பியதே நமக்குத் திரும்பி வருகிறது என்று அர்த்தம். ஆனால் நீங்கள் லூப் எதுவும் போடாமல் இந்தச் செய்தி வந்தால், சோதனைக்கு வந்த யாரோ லைனில் லூப்பை எடுக்காமல் போய்விட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

நீல அலாரம்: ஏ.ஐ.எஸ்.

சிக்னல் வருகிறது, ஆனால் முழுக்க 1-களாக வருகிறது. இதை அனுப்புவது நமக்குப் பக்கத்தில் இருக்கும் மக்ஸ். அதற்கு அப்பால் இருந்து தனக்கு வர வேண்டியது வராமல் போனதும், கீழே இருப்பவர்கள் வீணாகக் கேபிளைத் தேட வேண்டாம் என்று ஒன்றுகளை நிரப்பி அனுப்புகிறது. ஆக, நம் ரிசீவ் ஒயர் நல்லது, மக்ஸ் உயிரோடு இருக்கிறது, கோளாறு அதற்கு அப்பால்.

இந்த நேரத்தில் குரோனைத் திறந்து குடையாதீர்கள். நல்ல ஒயரைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். முழுக்க 1-கள் என்பதில் ஃப்ரேம் இருக்காது என்பதால் சில கருவிகள் ஃப்ரேம் இழப்பையும் சேர்த்துக் காட்டும். மக்ஸ் தன் சொந்தக் க்ளாக்கில் அனுப்புவதால் ஸ்லிப்பும் (க்ளாக் வேறுபாட்டால் ஃப்ரேம் நழுவுவது, பின்னால் வரும்) ஏறலாம். இரண்டையும் கண்டுகொள்ள வேண்டாம், நோய் ஏ.ஐ.எஸ்.தான். புதிய லைன் என்றால், மக்ஸில் போர்ட் போட்டிருப்பார்கள், எக்ஸ்சேஞ்ச் வரை க்ராஸ் கனெக்ட் செய்திருக்க மாட்டார்கள். புகார் கொடுக்கும்போது “லைன் வேலை செய்யவில்லை” என்று சொல்லாமல் “எல்.ஓ.எஸ். இல்லை, உங்கள் மக்ஸிலிருந்து ஏ.ஐ.எஸ். வருகிறது” என்று சொல்லுங்கள். பேச்சு பாதியாகக் குறையும்.

மஞ்சள் அலாரம்: ஆர்.ஏ.ஐ.

நிறையப் பேரைத் தவறான பக்கம் தேட வைப்பது இதுதான். மஞ்சள் வந்தால் நமக்கு வரும் சிக்னல் நன்றாக இருக்கிறது. வராவிட்டால் அந்த அலாரத்தையே நம்மால் படித்திருக்க முடியாது. எதிர்முனை 0-வது ஸ்லாட்டில் ஒரு பிட்டை உயர்த்தி, “நீ பேசுவது எனக்குக் கேட்கவில்லை” என்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது நம் ட்ரான்ஸ்மிட் பாதை: கார்டின் டி.எக்ஸ்., அந்த ஜோடி, மக்ஸின் உள்வாங்கி, அதற்கு மேல் எக்ஸ்சேஞ்ச் வரை.

சிஸ்கோவில் இரண்டு வரிகள் பார்க்க ஒன்று போல இருந்து குழப்பும். ‘ரிசீவர் ஹேஸ் ரிமோட் அலாரம்’ என்றால் எதிர்முனைக்கு நாம் கேட்கவில்லை. ‘ட்ரான்ஸ்மிட்டர் இஸ் செண்டிங் ரிமோட் அலாரம்’ என்றால் நமக்கு அவர்கள் கேட்கவில்லை, அதை நாம் அவர்களுக்குச் சொல்கிறோம். இரண்டாவது வரியோடு எல்.ஓ.எஸ். அல்லது ஃப்ரேம் இழப்பு பற்றிய வரியும் கூடவே இருக்கும். அவசரத்தில் ‘ரிமோட் அலாரம்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திட்டுவது வழக்கம்.

மஞ்சள் நிலையாக எரியாமல் வந்து வந்து போனால் ஒயரை விட்டுவிட்டு சி.ஆர்.சி.-4 (பிட் கெட்டதா என்று சரிபார்க்கும் முறை) அமைப்பைப் பாருங்கள். ஒரு முனையில் அது இயங்கி, மறுமுனையில் இல்லாவிட்டால், இயங்கும் முனை அதற்குரிய ஃப்ரேம் தொகுப்பை (மல்டிஃப்ரேம்) தேடித் தேடி ஓய்ந்துபோகும். கருவியைப் பொறுத்து மஞ்சளை உயர்த்தும், இறக்கும். டாடியில் ஸ்பான் வரியின் கடைசியில் ‘சி.ஆர்.சி.4’ என்று இருப்பதைச் சேர்ப்பதோ எடுப்பதோதான் சிகிச்சை. லைன் நிறுவனத்திடம் கேட்டு அமைப்பதே முறை. கேட்டால் பதில் வராத நேரங்களில் மாற்றிப் பார்த்துவிடலாம், அதனால் எதுவும் கெட்டுப்போகாது.

சிக்னல் இருக்கிறது, ஃப்ரேம் மட்டும் இல்லை

எல்.ஓ.எஸ். இல்லை, ஏ.ஐ.எஸ்.-உம் இல்லை, ஆனால் எல்.ஓ.எஃப்., அதாவது ஃப்ரேம் இழப்பு. ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேமில் 0-வது ஸ்லாட்டில் 0011011 என்ற அடையாளம் வர வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை அது தப்பினால் ஃப்ரேம் போய்விட்டதாகக் கார்டு முடிவு செய்யும். முதல் நாளிலிருந்தே இப்படி என்றால் அமைப்பில் பிழை. கார்டு டி1 முறையில் இருக்கலாம். சில கார்டுகளில் இதற்கு ஜம்பர் உண்டு. இல்லாவிட்டால் நமக்குக் கொடுத்த போர்ட் ஃப்ரேம் இல்லாத டேட்டா சேவைக்கானதாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த லைனில் திடீர் திடீரென்று வந்தால், பிழைகள் அவ்வளவு மோசமாகிவிட்டன என்று பொருள். அப்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டு, பிழைக் கவுண்டர் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அலாரம் எதுவும் இல்லை. பேச்சில் ‘டிக்’ சத்தம், ஃபேக்ஸ் போகவில்லை

பேச்சு நன்றாக இருக்கிறது, ஃபேக்ஸ் மட்டும் பாதியில் நிற்கிறது, வங்கி அட்டை தேய்க்கும் இயந்திரத்தின் மோடம் டயல் செய்து அறுந்துபோகிறது என்றால் நேராக ஸ்லிப் கவுண்டருக்குப் போங்கள்.

இரண்டு முனைகளின் க்ளாக் வேகமும் ஒன்றாக இல்லாதபோது, நடுவில் இருக்கும் பஃபர் நிரம்பி வழியும் அல்லது காலியாகிவிடும். அப்போது கருவி ஒரு முழு ஃப்ரேமைத் தூக்கி எறியும், அல்லது ஒன்றை இரண்டு முறை வாசிக்கும். பேச்சில் அது 125 மைக்ரோவினாடி. காது பெரும்பாலும் விட்டுவிடும், சில சமயம் ‘டிக்’ என்று கேட்கும். மோடத்துக்கோ அது ஒரு தடுமாற்றம், ஃபேக்ஸில் கோடுகள் காணாமல் போகும்.

ஸ்லிப்பின் அழகு அது ஒழுங்காக வருவதில் இருக்கிறது. இரு க்ளாக்குகளுக்கும் இடையே 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வேறுபாடு என்றால் 125 வினாடிக்கு ஒரு ஸ்லிப். 125-ஐ வேறுபாட்டால் வகுத்தால் இடைவெளி கிடைத்துவிடும். 2 பி.பி.எம். என்றால் 62.5 வினாடி, அதாவது 15 நிமிடப் பெட்டியில் 14 அல்லது 15. இ1-க்கு அனுமதித்த எல்லை ஒவ்வொரு பக்கமும் 50 பி.பி.எம். ஒரு பக்கம் சரியாக இருந்து மறுபக்கம் எல்லையில் இருந்தால் இரண்டரை வினாடிக்கு ஒன்று. இதைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம். எல்லாப் பெட்டியிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் ஸ்லிப், மற்ற கவுண்டர்கள் எல்லாம் 0 என்றால், இது க்ளாக்தான்; ஒயரைத் தொடவே வேண்டாம். ஸ்லிப் தாறுமாறாக வந்து, அதே பெட்டிகளில் சி.ஆர்.சி.-யும் ஏறினால் ஸ்லிப் வெறும் விளைவு. காரணம் சிக்னல் தரத்தில் இருக்கிறது.

க்ளாக் என்று தெரிந்தபின் முதல் சந்தேகம் நம் பக்கம்தான். பொது நெட்வொர்க்கிலிருந்து லைன் வாங்கும் நாம் அவர்களுடைய க்ளாக்கைத்தான் பின்பற்ற வேண்டும். சிஸ்கோவில் ‘க்ளாக் சோர்ஸ் லைன்’ என்று இருக்க வேண்டும். அதோடு, குரல் கார்டு செருகிய ரவுட்டர்களில் ‘நெட்வொர்க்-க்ளாக்-பார்ட்டிசிபேட்’ கட்டளையும் கொடுத்தால்தான் அந்த க்ளாக் ரவுட்டரின் உள்பக்கம் வரை போகும். இதை விட்டுவிட்டு நாள் கணக்கில் லைனைக் குறை சொன்னவர்கள் பலர். டாடியில் ஸ்பான் வரியின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 1 என்றால் இந்த லைன்தான் முதன்மைக் க்ளாக், 0 என்றால் இதிலிருந்து க்ளாக் எடுக்காதே. எக்ஸ்சேஞ்ச் லைனில் 0 இருந்தால் ஸ்லிப் வருவதில் ஆச்சரியமே இல்லை. பி.பி.எக்ஸ்.-க்குப் பின்னால் இன்னொரு கேட்வே தொங்கினால், அதற்கு நாம் க்ளாக் கொடுக்க வேண்டும், அது நம்மிடமிருந்து எடுக்க வேண்டும். இரண்டு பெட்டிகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று எடுத்தால் இன்னும் மோசம். இருவரும் சேர்ந்தே வேகம் மாறிக்கொண்டு போவதால், அவர்களுக்கு நடுவில் ஸ்லிப் தெரியாமல், மூன்றாவது லைனில் வெடிக்கும்.

இரண்டு நிறுவனங்களின் பி.ஆர்.ஐ. ஒரே பி.பி.எக்ஸ்.-இல் வரும்போது நிலைமை சுவையாகிவிடும். பி.பி.எக்ஸ். ஒரு க்ளாக்கைத்தான் பின்பற்ற முடியும். இரு நிறுவனங்களும் ஜி.811 என்ற சர்வதேசத் தரத்து முதன்மைக் க்ளாக்கிலிருந்து எடுத்தால் கவலையில்லை. அந்தத் தரத்தில் இரண்டு க்ளாக்குகளுக்கு இடையே ஏறக்குறைய 70 நாளுக்கு ஒரு ஸ்லிப்தான் வரும். ஆனால் ஒன்றில் சில நிமிடத்துக்கு ஒரு ஸ்லிப் வருகிறது என்றால் யாரோ ஒருவருடைய க்ளாக் மூலத்தோடு ஒட்டவில்லை. இ1-ஐ ஐ.பி. வழியாகக் கொண்டுவந்து கடைசியில் மறுபடி இ1 ஆக்கித் தரும் இடங்களில் இதைப் பார்க்கலாம். எது கெட்டது என்று அறிய முதன்மையை மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஸ்லிப் அடுத்த லைனுக்குத் தாவும், அவ்வளவுதான். ஸ்லிப் எப்போதும் இரண்டு க்ளாக்குகளுக்கு இடையில் நடப்பது, தனியாக ஒன்றைக் கைகாட்டாது. மூன்றாவது லைன் இருந்தால் எந்த இரண்டு ஒத்துப்போகின்றன என்று பார்க்கலாம். இல்லாவிட்டால் நல்ல க்ளாக் உள்ள அளவைக் கருவி வேண்டும்.

பிழைக் கவுண்டர்கள் ஏறுகின்றன

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். மூன்று கவுண்டர்கள் முக்கியம்.

முதலாவது லைன் கோட் வயலேஷன். இ1 சிக்னல் ஹெச்.டி.பி.3 என்ற முறைப்படி மேலும் கீழுமாக மாறி மாறித் துடிக்கிறது. அந்த ஒழுங்கு தப்பினால் இது ஏறும். கவனிக்க வேண்டியது, வழியில் ஒரு மக்ஸோ மோடமோ வந்தாலே அது சிக்னலைப் பிரித்துத் தன் பங்குக்குப் புதிதாக எழுதி அனுப்புகிறது. அதற்கு முன்னால் நடந்த ஒழுங்கு மீறல் அத்தோடு அழிந்துபோகும். ஆகவே இந்தக் கவுண்டர் பார்ப்பது கடைசித் துண்டை மட்டும்.

இரண்டாவது சி.ஆர்.சி., சிஸ்கோவில் பாத் கோட் வயலேஷன். அனுப்பும் முனை 2048 பிட்டுக்கு ஒரு கணக்குப் போட்டு அனுப்புகிறது, வாங்கும் முனை சரிபார்க்கிறது. வினாடிக்கு 1000 தொகுதி. நடுவில் எத்தனை பெட்டி வந்தாலும் பிட் கெட்டது கெட்டதுதான், கணக்கு இடிக்கும். ஆக, இது எக்ஸ்சேஞ்சிலிருந்து நம் கார்டு வரை முழுப் பாதையையும் பார்க்கிறது.

மூன்றாவது இ-பிட். எதிர்முனைக்கு நம்மிடமிருந்து போன தொகுதியில் சி.ஆர்.சி. இடித்தால் அது இந்த பிட் மூலம் நமக்குத் திருப்பிச் சொல்கிறது. அதாவது நாம் அனுப்பும் திசையின் தரம், நம் திரையிலேயே.

இப்போது சேர்த்துப் படியுங்கள். லைன் கோட் கவுண்டரும் சி.ஆர்.சி.-யும் சேர்ந்து ஏறினால் கோளாறு கார்டுக்கும் மக்ஸுக்கும் நடுவில், நம் கைக்கு எட்டும் தூரத்தில். சி.ஆர்.சி. மட்டும் ஏறி லைன் கோட் 0-ஆக நின்றால் மக்ஸ் வரை சுத்தம்; பிழை அதற்கு அப்பால் இருந்து வருகிறது, இதை லைன் நிறுவனம்தான் பார்க்க வேண்டும். சி.ஆர்.சி. சுத்தம், இ-பிட் மட்டும் ஏறுகிறது என்றால் வரும் திசை நன்றாக இருக்கிறது, போகும் திசை கெட்டிருக்கிறது. மக்ஸில் நம்மிடமிருந்து வாங்கும் போர்ட்டின் லைன் கோட் கவுண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அது ஏறினால் நம் டி.எக்ஸ். ஜோடி, ஏறாவிட்டால் அவர்கள் பாதை. லைன் கோட் மட்டும் ஏறி சி.ஆர்.சி. 0 என்றால், முதலில் சி.ஆர்.சி. உண்மையிலேயே இயங்குகிறதா என்று பாருங்கள்.

சி.ஆர்.சி. அணைந்திருக்கும் லைனில் கவுண்டர் சுத்தமாக இருப்பதை நம்பவே கூடாது. அப்போது கருவிக்குச் சரிபார்க்கக் கிடைப்பது இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை வரும் அந்த 7 பிட் அடையாளம் மட்டும், 512 பிட்டில் வெறும் 7. நூறு பிட் தற்செயலாகக் கெட்டால் ஒன்றோ இரண்டோ கண்ணில் படும். “கவுண்டர் கிளியர் சார்” என்ற சொல்லுக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான். லைன் வாங்கும்போதே இரு முனையிலும் சி.ஆர்.சி.-4 வேண்டும் என்று கேட்டு வாங்குவது நல்லது.

கோளாறு பக்கத்தில் என்று தெரிந்தால் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. 75 ஓம் கோஆக்ஸ் ஒரு பக்கம், 120 ஓம் ஜோடி மறுபக்கம் என்றால் நடுவில் பேலன் (இரண்டையும் பொருத்தும் சிறு மாற்றி) இருக்க வேண்டும். அது இல்லாமல் நேராக முறுக்கி இணைத்தாலும் சிறு தூரத்துக்கு ஓடும், ஓடுவதால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. பி.என்.சி. கனெக்டரில் நடு ஊசி ஒழுங்காக அழுந்தாமல் இருப்பது, ஷீல்டின் ஒரு இழை உள்ளே தொட்டுக்கொண்டிருப்பது இரண்டும் சகஜம். குரோனில் ஸ்ப்ளிட் பேர் என்று ஒன்று உண்டு. டி.எக்ஸ்.-இன் ஒரு இழையும் ஆர்.எக்ஸ்.-இன் ஒரு இழையும் ஒன்றாக முறுக்கிய ஜோடியில் ஓடும். மல்டிமீட்டரில் தொடர்ச்சி சரியாகக் காட்டும், ஆனால் ஒன்று மற்றொன்றுக்குள் கசிந்து பிழை கொட்டும். நிறத்தைப் பார்த்து ஜோடி ஜோடியாகச் சரிபார்ப்பதைத் தவிர வழியில்லை. கையோடு, முறுக்குப் பிரிந்த நீளத்தையும் குறைத்துப் புதிதாகக் குத்துங்கள்.

அலாரம் இல்லை, பிழையும் இல்லை, கால் மட்டும் போகவில்லை

கீழ்த்தளம் சரி, டி-சேனல் எழவில்லை. சிஸ்கோவில் ‘மல்டிபிள் ஃப்ரேம் எஸ்டாபிளிஷ்ட்’ என்று வராமல் முந்தைய நிலையிலேயே நிற்கும். ஆஸ்டரிஸ்கில் ‘பி.ஆர்.ஐ. ஷோ ஸ்பான்ஸ்’ டௌன் என்று காட்டும். டீபக் போட்டுப் பார்த்தால் நாம் அனுப்பும் இணைப்புக் கோரிக்கை போய்க்கொண்டே இருக்கும், பதில் வராது. பதிலே இல்லை என்றால் எக்ஸ்சேஞ்சில் சிக்னலிங் இன்னும் இயக்கப்படவில்லை, அல்லது நடுவில் எங்கேயோ 16-வது ஸ்லாட் விடுபட்டிருக்கிறது. கோரிக்கை வந்து இருபுறமும் முட்டிக்கொண்டால் நெட்வொர்க் முனை, பயனாளர் முனை அமைப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் லைனில் நாம் பயனாளர் முனை.

ஆஸ்டரிஸ்க் பதிவில் ‘ஹெச்.டி.எல்.சி. அபார்ட்’, ‘பேட் எஃப்.சி.எஸ்.’ என்று கொட்டினால் உடனே லைனைச் சொல்லிவிடாதீர்கள். சி.ஆர்.சி.-யோ ஸ்லிப்போ கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மேலே சொன்ன பகுதிகள். ஏறாவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் சர்வர்தான். கார்டு கேட்ட இன்டரப்டுக்குக் கணினி நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. ஐ.ஆர்.க்யூ. மிஸ் எண்ணிக்கையைப் பாருங்கள், கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள், ஹார்ட் டிஸ்கைப் போட்டு அடிக்கும் பேக்கப் வேலையின் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

சில கால்கள் மட்டும் போகாமல் காரண எண் 44 வந்தால், கேட்ட சேனல் கிடைக்கவில்லை என்று பொருள். 10 சேனல் மட்டும் திறந்து கொடுத்திருக்கும் லைனில் நாம் 30-ஐயும் அமைத்து வைத்திருப்போம். எண்ணிக்கையைக் குறையுங்கள், முடிந்தது.

வந்து வந்து போகும் கோளாறு

96 பெட்டிகளையும் நேர வரிசையில் எடுத்து ஒரு தாளில் ஒட்டுங்கள். அதற்கு முன் மூன்று வினாடிக் கணக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிழையாவது வந்த வினாடி ‘எரர்ட் செகண்ட்’. மிக மோசமான வினாடி ‘சிவியர்லி எரர்ட்’. இ1-க்கு பல கருவிகளில் ஒரே வினாடியில் 832 சி.ஆர்.சி. பிழை, அல்லது ஃப்ரேம் இழப்பு என்று எல்லை வைத்திருப்பார்கள். அப்படி 10 வினாடி தொடர்ந்தால் லைன் இல்லை என்று கொண்டு ‘அனவைலபிள்’ கணக்கு ஓடத் தொடங்கும், அந்த 10 வினாடியும் அதில் சேரும். மறுபடி 10 நல்ல வினாடி வந்தால்தான் நிற்கும். லைன் இல்லாத வினாடிகளில் மற்ற இரண்டும் எண்ணப்படுவதில்லை. அதனால் ஒரு பெட்டியில் பிழை 0 என்று மகிழும் முன் பக்கத்தில் அனவைலபிள் 900 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 15 நிமிடமும் செத்துக் கிடந்த லைனும் பிழை 0 காட்டும்.

பிழை பல வினாடிகளில் சிறிது சிறிதாகப் பரவியிருந்தால் இரைச்சல், பலவீனமான சிக்னல், மோசமான இணைப்பு. சில வினாடிகளில் மட்டும் குவிந்து மற்ற நேரம் சுத்தமாக இருந்தால் வெளியிலிருந்து ஏதோ அடிக்கிறது. அந்த நேரங்களை லிஃப்ட், ஏ.சி. கம்ப்ரஸர், ஜெனரேட்டர் மாறும் நேரம் ஆகியவற்றோடு ஒத்துப் பாருங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் ஒவ்வொரு முறையும் லைன் கோட் கவுண்டர் குதித்தால், எர்த்தையும் பவர் ஒயருக்கு ஒட்டி ஓடும் கேபிளையும் பார்க்க வேண்டியதுதான். மழை பெய்தால் சி.ஆர்.சி. மட்டும் ஏறுகிறது, லைன் கோட் கவுண்டர் அசையவில்லை என்றால் மோடத்துக்கு அப்பால் காப்பர் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்குகிறது, அல்லது லைன் மைக்ரோவேவ் வழியாக வந்து கனமழையில் சிக்னல் தேய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். வெயில் அடிக்கும்போது ஆள் வந்து “இப்ப நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லும்போது காட்ட வேறெதுவும் இருக்காது.

லைன் நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டால் பி.இ.ஆர்.டி. (பிட் பிழை வீத) சோதனை கேளுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து 2-இன் அடுக்கு 15-இல் 1 குறைத்த பேட்டர்னை அனுப்பி, முதலில் மக்ஸில் லூப், அப்புறம் நம் கார்டு முனையில் லூப், இரண்டையும் தனித்தனியாக ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடச் சோதனையை ஏற்காதீர்கள். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு 24 மணி நேரமாவது ஓட வேண்டும், நம் தாளில் பிழை குவிந்திருக்கும் நேரமும் அதற்குள் வர வேண்டும். அது முடியும்வரை நம் பக்கம் ஒயர் எதையும் தொடாமல் வைத்திருங்கள், அமைப்பையும் மாற்ற வேண்டாம்.